கிரிமா ஆற்றைக் கடந்த விதம்

1

வலது தோளிலிருந்து தொடங்குகிறேன். கதையும் அங்கிருந்துதான் வந்தது. ரொட்டித் தொழிற்சாலையில் காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டரை வரை இரும்புத் தட்டு தூக்குகிறவளுக்கு வலது தோள் ஒரு தனி ஆள் மாதிரி. அதற்கென்று ஒரு குணம், ஒரு முறைப்பு. வியாழக்கிழமை வந்துவிட்டால் கையைத் தலைக்கு மேலே தூக்க விடாது. தலையை இடது கையால்தான் சீவ வேண்டும். என் அப்பா மர ஆலையில் முப்பத்தொரு வருடம் பலகை அடுக்கியவர். அவருக்கும் வலது தோள்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்; சட்டை மாட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மூச்சுதான்.

(கடைசி வரி அழகாக இருக்கிறது. ஆகவே அதை நம்பாதீர்கள்.)

அந்தத் தோளில்தான் என் மகள் தினமும் சாய்ந்துகொள்வாள். வலிக்கும். சொன்னதில்லை. சொன்னால் தள்ளி உட்காருவாள், அல்லது உட்காராமலே போய்விடுவாள். பத்து வயது, எழுந்து போவதற்கு ஒரு சாக்கு போதும்.

இதை முதலில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். மூன்றாவது பக்கத்திலேயே என்னை நானே மன்னித்துவிட்டேன். அது சரியில்லை. ஆகவே இனிமேல் அவள் பெயர் இல்வா. மகள் ஸ்வேயா. புருஷன் ஹோகன், நகரப் பேருந்து ஓட்டுகிறவன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

“கற்பனை என்பது மனிதனுக்குக் கிடைத்த” — வேண்டாம். தட்டு தூக்கியவர்கள் யாரும் கதையை இப்படித் தொடங்கமாட்டார்கள்.

“அடித்தளத்தில் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது, அதற்குள்ளே எதுவும் இல்லை.” — நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். உள்ளே ஒரு துண்டு இருந்தது.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். நாலு மாடிக் கட்டடம், இருபத்துநாலு வீடு, அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. அதன் வாசலில் ஒரு பலகை, பலகையில் நாளுக்கும் நேரத்துக்கும் தனித்தனித் துளை. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் போட்ட ஒரு சின்னப் பூட்டு. அதை ஒரு துளையில் மாட்டிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. அரசரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

இல்வாவின் எண் பதினேழு. அவள் வீட்டில் சாத்தக்கூடிய கதவு கழிப்பறைக்கு மட்டும்தான் இருந்தது. மற்றக் கதவுகளெல்லாம் பெயருக்கு. டிவியில் ஹாக்கி ஆட்டம் ஒரு பக்கம், வீட்டுப்பாடம் ஒரு பக்கம், “அம்மா, கத்தரிக்கோல் எங்க?” ஒரு பக்கம். ஆகவே நாவலை அவள் சலவை அறையில் எழுதினாள். துணி மடிக்கும் மேசைதான் எழுத்து மேசை. நாலு வருடமாக எழுதினாள். வாள், கோட்டை, பேசும் மலை என்று ஒரு மாயக்கதை நாவல். தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. வீட்டில் ஹோகனுக்குத் தெரியும், அரைகுறையாக.

சிக்கல் என்னவென்றால், மூன்று பேர் வாரம் முழுதும் உடுத்தினாலும் இரண்டு முறை போட்டால் துணி தீர்ந்துவிடும். நாவல் தீராது. செவ்வாய்க்கிழமையும் பூட்டு மாட்டினாள், பிறகு ஞாயிற்றுக்கிழமையும். துவைத்ததையே துவைத்தாள். திரைச்சீலையைத் துவைத்தாள். பஞ்சு முயலைத் துவைத்தாள்.

“இல்வா, என் யூனிஃபார்ம் சட்டை நீலமா இருந்துச்சு.”

“இப்பவும் நீலந்தான்.”

“இல்ல. இது நீலம் வந்துட்டுப் போன இடம்.” *

* இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஹோகன், “நான் எப்பவாவது இப்படிப் பேசியிருக்கேனா?” என்றான். இல்லைதான். அவன் உண்மையில் கேட்டது, “என்ன எழவு நிறம் இது?” கதைக்காக மாற்றினேன். கதைக்காக மாற்றுவது என் பழக்கம். அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: “ஒரே ஒரு துண்டைத் துவைக்க மூன்று மணி நேரம் எடுக்கும் வீட்டின் கவனத்துக்கு. கரண்ட் எல்லாருக்கும் பொது. இப்படிக்கு, அக்கறையுள்ள ஒருவர்.” கையெழுத்து யாருடையது என்று கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். கீழ்வீட்டு ரூனே, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். இல்வா காகிதத்தைக் கிழிக்கும் நேரத்தில் அவரே வாசலில் வந்து நின்றார்.

“உள்ள வரமாட்டேன். இது உன் நேரம். என்ன எழுதற? எங்களப் பத்தியா?”

“இல்ல ரூனே. வாளு, கோட்டை, குள்ளருங்க... அந்த மாதிரி.”

“அந்தக் குள்ளனுங்க துணி துவைப்பானுங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப மெஷின நிறுத்து.”

“நிறுத்தினா, சும்மா ஏன் கீழ உக்காந்திருக்கேன்னு வீட்டுல கேப்பாங்களே.”

ரூனே இயந்திரத்துக்குள் சுற்றிய துண்டை எட்டிப் பார்த்தார். பிறகு போய்விட்டார். பத்து நிமிடத்தில் ஒரு பெரிய பை நிறைய அழுக்குத் துணியோடு திரும்பி வந்து, வாசற்படியில் வைத்தார்.

“இதப் போடு. கரண்டு வீணாப் போக வேணாம்.”

அன்றிலிருந்து இல்வாவின் நாவல் ரூனேயின் உள்ளாடைகளின் தயவில் வளர்ந்தது.

3

இனி புத்தகம். அதன் பெயரைச் சொல்லமாட்டேன், தேடினாலும் கிடைக்காது. பன்னிரண்டு பாகம். முதல் பக்கத்தில் வரைபடம், கடைசிப் பக்கத்தில் அரச வம்சப் பட்டியல், நடுவில் ஏகப்பட்ட குளிர். அதில் கிரிமா என்று ஒரு குதிரை. சாம்பல் நிறம், ஒற்றைக் கண், வயசானவள். போரில் செத்தவர்கள் சாவதற்கு முன் எழுதி வைத்த கடிதங்களைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். பேசமாட்டாள். வாசலில் நின்று கழுத்தை நீட்டுவாள், அவ்வளவுதான்.

ஸ்வேயாவுக்கு ஏழு வயதில் தொடங்கிய பழக்கம். சாப்பாடு முடிந்து தட்டுகள் எடுத்ததும், சமையலறை மரச்சோபாவில் அம்மா வாசிப்பாள், பெண் கேட்பாள். வியாழக்கிழமை பட்டாணி சூப்பானாலும் சரி, வெள்ளிக்கிழமை டாக்கோவானாலும் சரி, அத்தியாயம் ஒன்று. ஒரே சட்டம்: ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் முன்னால் போகக்கூடாது. உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கைகுலுக்கிச் செய்துகொண்ட சட்டம்.

பிப்ரவரி வந்தபோது இல்வாவின் சொந்த நாவல் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் நின்றுபோயிருந்தது. அவள் கதாநாயகி ஐந்து மாதமாக ஒரு மதில் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. கெட்டிக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று, இருவரும் வாசித்துக்கொண்டிருந்த நாலாம் பாகத்தைத் துணிக்கூடையின் அடியில் மறைத்துக் கீழே கொண்டுபோனாள். ஒரே ஒரு பக்கம்தான் பார்ப்பதாக இருந்தாள்.

நூற்று நாற்பது பக்கம் படித்தாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆற்றின் பனி உடைந்தது. கிரிமா உள்ளே போனாள். கடிதங்களும் போயின. எழுதியவர் அதற்கு நாலே வரி செலவழித்திருந்தார்.

இல்வா அழுதாள் என்று எழுதிவிடலாம். நடந்தது இது: காது சூடாயிற்று. கைக்கு எட்டிய துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அது ரூனேயின் கால்சட்டை. இன்னும் துவைக்காதது.

4

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, மேலே சமையலறையில் ஒன்பதாம் அத்தியாயம் வந்தது.

ஸ்வேயா வழக்கம்போல வலது தோளில் தலையைச் சாய்த்தாள். வலி முழங்கை வரை இறங்கியது.

“பனி சரியில்லன்னு ஓடக்காரி சொல்றாளே,” என்றாள் ஸ்வேயா. “இப்பவே சொல்லிட்டேன். கிரிமாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் இதோட நிறுத்திருவேன். மீதிய நீயே படிச்சுக்கோ.”

இல்வாவின் கண் அச்சில் இருந்தது. வாய் வேறு ஒன்றை வாசித்தது.

“பனி முனகியது. கிரிமா நின்றாள். பின்பு, எந்தக் குதிரையும் செய்யாத ஒன்றைச் செய்தாள். முன்னங்காலை மடக்கினாள். பின்னங்காலை மடக்கினாள். வயிறு பனியில் படப் படுத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, சாண் சாணாக நகரத் தொடங்கினாள்...”

“குதிரை அப்படிப் படுக்குமா?”

“இவ படுப்பா.”

“ம். வெயிட்ட பரப்பிக்கறா. எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க.” தலை இன்னும் கொஞ்சம் அழுந்தியது. “புத்திசாலி.”

இங்கே ஒரு நல்ல அம்மாவை எழுதுவது சுலபம். பிள்ளை மனசு உடையக்கூடாது என்று ஒரு சின்னப் பொய். படிக்கிற உங்களுக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் இல்வாவை எனக்குத் தெரியும். ஸ்வேயா அழுவாள் என்று அவள் பயப்படவில்லை. அந்தப் பெண், வீட்டுக் கிழ நாய்க்குக் கடைசி ஊசி போட்டபோதுகூடக் கண் கலங்காமல் பார்த்தவள். வாசிப்பு நின்றுவிடும் என்றுதான் பயந்தாள். நாள் முழுவதும் தட்டு, பேருந்து, கடை, சமையல் என்று போன பிறகு, மகள் தானாக வந்து பக்கத்தில் உட்காரும் நேரம் அது ஒன்றுதான். அதை இழக்க அவளுக்கு மனமில்லை. அதற்காகத்தான் குதிரையைக் காப்பாற்றினாள்.

குதிரை பிழைத்துவிட்டால் அதற்குப் பின் அச்சில் உள்ள எதுவும் செல்லாது. அந்தச் சாவின் மேல்தான் மீதிப் புத்தகமே நிற்கிறது. ஆகவே அடுத்த நாளும் அவள் இல்லாததை வாசித்தாள், அதற்கடுத்த நாளும். பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்பினாள். நடுவில் தும்மினாள், தண்ணீர் குடித்தாள், அந்த இடைவெளியில் யோசித்தாள். இருபத்து மூன்று நாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹோகன் குழாயை மூடிவிட்டு, கையில் துணியோடு நின்று கேட்கத் தொடங்கினான்.

“அப்ப அந்த ஓடக்காரி கடுதாசியப் பிரிச்சாளா இல்லியா?”

“அப்பா! குறுக்க பேசாத!”

“இல்லம்மா, ஹாக்கிய விட்டுட்டு வந்திருக்கேன். பதில் தெரியணும்ல.”

கீழே, சலவை அறையில், இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரிகூட நகரவில்லை. கதாநாயகி மதில் முன்னால் நின்றுகொண்டேதான் இருந்தாள். நாலு வருடமாக இல்வா எழுத முயன்ற நாவல் மேலே, சமையலறையில், டாக்கோ வாசனைக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் குறித்து வைக்கவில்லை. களவாகச் செய்வதை யார் எழுதி வைப்பார்கள்?

5

இப்போது நான் தள்ளிப்போட்ட இடம்.

நாலாம் வகுப்பில் புதன்கிழமை பத்து மணிக்குப் புத்தகப் பேச்சு. படித்ததைப் பற்றிப் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்வார்கள். வகுப்பின் பின்சுவரில் காகிதத்தில் ஒரு பெரிய டிராகன். படித்து முடித்த புத்தகம் ஒன்றுக்கு ஒரு செதில். மார்ச் கடைசியில் ஸ்வேயா நாலாம் பாகத்துக்கான பச்சைச் செதிலை ஒட்டிவிட்டு, கிரிமா வயிற்றால் ஊர்ந்து ஆற்றைக் கடந்த கதையைச் சொன்னாள். கையால் காட்டினாள். தரையில் படுத்தே காட்டினாளாம்.

மெல்கர் என்று ஒரு பையன். பன்னிரண்டு பாகத்தையும் படித்தவன்.

“அது செத்துப்போச்சு,” என்றான். “ஒன்பதாம் அத்தியாயம். நீ படிக்கவே இல்ல. புளுகற.”

“நீதான் புளுகற! நான் முழுசாக் கேட்டேன்!”

நூலகப் பிரதி வந்தது. ஆசிரியை அந்த நாலு வரியை வாசித்தார். ஸ்வேயா இன்னும் தரையில்தான் இருந்தாளா, எழுந்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. வகுப்பு சிரித்தது. ஆசிரியை கத்தவில்லை. படிக்காததைப் படித்ததாகச் சொல்லத் தேவையில்லை, இங்கே அதற்கெல்லாம் யாரும் திட்டமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் மோசம். ஸ்வேயா தன் செதிலைத் தானே கழற்றினாள்.

[இந்தப் பகுதியை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆசிரியை கொடுமைக்காரி. ஒன்றில் மெல்கர் பொறாமைக்காரன். அவர்களைக் கெட்டவர்களாக்கினால் இல்வாவின் பாரம் குறையும். மெல்கர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.]

6

அன்றே மாலை மூன்றரை மணி. சலவை அறைக் கதவு தட்டப்பட்டது. ஸ்வேயா பள்ளிப் பையோடு வாசலில் நின்றாள், ரூனே நின்ற அதே இடத்தில். உள்ளே வரவில்லை. கையில் பச்சைக் காகிதம்.

“ஒன்பதாம் அத்தியாயம் படிச்சேன்,” என்றாள்.

இல்வா பேனாவைக் கீழே வைத்தாள்.

“நிஜத்துல நாலு வரிதான்மா. நாலே வரி.”

“ஆமா. எனக்கும் ஆத்திரமா வந்துச்சு.”

“அழுதியா?”

“ரூனே பேன்ட்ல துடைச்சுக்கிட்டேன். அழுக்குப் பேன்ட்.”

“அய்ய.” சிரிப்பு வந்தது, அதை உள்ளேயே பிடித்து நிறுத்தினாள். “எப்பப் படிச்ச?”

“பிப்ரவரில.”

“நான் இல்லாம.”

“நீ இல்லாம.”

“எச்சி துப்பிக் கை குடுத்தோம்.”

“குடுத்தோம்.”

“கிரிமா செத்ததுக்குக் கோவமில்ல. குதிரைன்னா சாவும். நீ தனியாப் போய்ட்ட. அங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து, தெரியாத மாதிரி என் பக்கத்துல உக்காந்திருந்த. எல்லாரும் என்னையப் புளுகுணின்னு சொன்னாங்க. நானா புளுகினேன்?”

“இல்ல. நான்தான்.”

“அப்ப நீ வந்து சொல்லணும். கிளாஸ்ல. எல்லார் முன்னாலயும்.”

“சொல்றேன்.”

“எப்ப?”

இயந்திரம் நீரை உதறிச் சுழலத் தொடங்கி அறையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இல்வா அதற்கு நன்றியோடு இருந்தாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

சத்தம் அடங்கியபோது ஸ்வேயா உள்ளே வந்து, கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“சரி, அந்த நீல மெழுகு வச்ச கடுதாசி யாருக்கு?”

“எந்தக் கடுதாசி?”

“அம்மா! நீதான சொன்ன! கிரிமா கரையேறினதும் கழுத்துல எண்ணிப் பாப்பாங்கல்ல? பதினாலுல ஒன்னு மட்டும் நீல மெழுகு. மேல பேர் இல்ல. மோந்து பாத்துட்டுத் தெக்க திரும்பினா.”

இல்வாவுக்கு நினைவே இல்லை. அன்றைக்குத் தோள் வலியில் என்ன வாயில் வந்ததோ. ஆனால் பெண்ணுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஓடக்காரியின் மூன்று விரல், சத்திரத்துக்காரனின் பொய்ப்பல், பனி முனகிய ஓசை எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது வரைக்கும். இருபத்து மூன்று நாளும், ஒன்று விடாமல்.

“மெதுவாச் சொல்லு,” என்று இல்வா பேனாவை எடுத்தாள். “பதினாலு கடுதாசியா?”

“பதினாலு. ஆனா நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டாள். “நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்” என்பதையும் சேர்த்து.

7

முடிவுகள்.

(அ) சமையலறையில் பிறந்த அந்த நாவல் அச்சாகி, முதல் பக்கத்தில் மகள் பெயர். — இன்னும் பாதிகூட ஆகவில்லை. விட்டுவிடுங்கள்.

(ஆ) இல்வா வகுப்பறையில் போய் நின்று, எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் தானும் தரையில் படுத்து வயிற்றால் ஊர்ந்து காட்டுகிறாள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மெல்கர் பச்சைச் செதிலைத் தன் கையாலேயே — இதை இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. குதிரையை ஒருமுறை காப்பாற்றியவளுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? கிழித்துவிட்டேன்.

(இ) ஸ்வேயா ஐந்தாம் பாகத்திலிருந்து தனியாகப் படிக்கிறாள். இது நடந்தது. இப்போது அவள் எட்டாம் பாகத்தில் இருக்கிறாள். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டாள். கேட்டால், “நீ படிச்சியா? இல்லல்ல? அப்ப சும்மா இரு,” என்கிறாள்.

ஆனால் சாப்பாடு முடிந்ததும் எங்களுடைய கிரிமாவைக் கேட்க வருகிறாள். போன வாரம் இந்தக் கைப்பிரதி சமையலறை மேசையில் கிடந்தது. ஹோகன் தன் சட்டை வசனத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளிடம் தள்ளினான். முதல் பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள். அன்று சோபாவில் என்னைச் சுற்றி வந்து, இடது பக்கம் உட்கார்ந்து, இடது தோளில் சாய்ந்தாள்.

கேட்டீர்களா, “என்னை” என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். இல்வாவால் இனி இதைத் தூக்க முடியாது.

நீல மெழுகுக் கடிதம் யாருக்கு என்று எனக்கும் ஸ்வேயாவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அதை உங்களிடம் விடுகிறேன். கிரிமா உங்கள் வாசலில் வந்து கழுத்தை நீட்டினால், பெயர் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிரதியின் கடைசிப் பக்கத்தின் அடியில் ஸ்வேயா பென்சிலால் எழுதியிருக்கிறாள்: “கதை பரவாயில்ல. ஆனா நீ இன்னும் ஸ்கூலுக்கு வரல.”

உண்மை. ஆறு புதன்கிழமை போய்விட்டது. முதல் வாரம் ஷிஃப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை. இரண்டாவது வாரம் ஆள் கிடைத்தது. பள்ளிக் கதவு வரை போய், மாவு ஒட்டிய காலணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அங்கே போனால் நாவல் எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி நானே சொல்ல வேண்டிவரும். தட்டு தூக்குகிறவளுக்கு அதைச் சத்தமாகச் சொல்ல நா எழவில்லை. மற்ற நாலு வாரத்துக்கும் என்னிடம் காரணம்கூட இல்லை.

பச்சைச் செதில் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழே இருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். நாலாம் வகுப்பில், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆசிரியைக்கும் முன்னால், “பொய் சொன்னது நான், ஸ்வேயா இல்லை” என்று சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.